அடுப்பின் நேரம்

காகிதத்தில் இருப்பது இது:
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்
வெள்ளி மாலை ஆறு முதல் ஞாயிறு மாலை ஆறு வரை
ஹெல்மி தகப்பனோடு.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
கையெழுத்துப் போடுமுன் கூட்டிப் பார்த்தேன்.

மார்ச் கடைசி ஞாயிறு என் முறை.
விடிகாலை மூன்று மணி
சொல்லாமல் கொள்ளாமல் நாலாகிவிட்டது.
அப்போது அவள் என் முழங்கையில் வாய்பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
ஆக, நாற்பத்தேழு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எந்த ஆற்றில் போட்டார்கள் அதை?
எமாயோகியில் பனிப்பாளங்கள் உடைந்து போய்க்கொண்டிருந்தன.
பாலத்தில் நின்று
கொஞ்ச நேரம் பார்க்கவும் செய்தேன்.

தார்த்து நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவன் நான்.
நேரம் எனக்குத் தத்துவம் இல்லை.
இரண்டு நிமிடம் பிந்தினால்
யாராவது கண்ணாடியில் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

கைபேசி தானே மாறிக்கொண்டது.
சுவர்க்கடிகாரத்தை நான் மாற்றினேன்.
மின்அடுப்பில் ஒளிரும் எண்களை மட்டும்
ஒருவராலும் மாற்ற முடியாது.
மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டுமாம்,
எந்த மூன்று என்று சொல்லும் கையேடு
கெர்லியின் பெட்டிகளோடு போய்விட்டது.
என் அடுப்புக்கு வருடம் முழுக்கக் குளிர்காலம்.

ஆறு மணிக்கு அழைப்புமணி.
வெளியே நல்ல வெயில்.
ஒரு காலில் மட்டும் காலணியோடு ஹெல்மி சொன்னாள்:
"அடுப்புல அஞ்சுதான் ஆகுது."
கெர்லி சுவரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
"நீ சொல்லிக்கொடுத்ததா?"
இல்லை. சத்தியமாக இல்லை.
ஆனாலும் மாட்டிக்கொண்டவன் போல முகம் சிவந்துவிட்டது.
இன்னொரு காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு
படியிறங்கிப் போனார்கள்.

அன்றிரவு நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன்.
அக்டோபர் கடைசி ஞாயிறு வரை முப்பத்தொரு வாரம்.
ஒற்றைப்படை.
பிடுங்கியது என் வீட்டில்,
திருப்பித் தருவது அவள் வீட்டில்.
அவளுக்கு நாற்பத்தொன்பது!
நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் தொடங்கினேன்.
'மதிப்பிற்குரிய' என்ற சொல்லோடு நிற்கிறது அது.

ஜூனில் பத்து மணிக்கும் வெளிச்சம்.
ஜன்னலில் போர்வையை ஆணியடித்து
"ராத்திரி வந்தாச்சு" என்று பொய் சொன்னேன்.
ஒரு ஆணித் துளை வழியே உள்ளே வந்த சூரியனை
விரலால் அடைத்து அடைத்து விளையாடினாள்.
பணிமனையில் வெல்லோ சொல்வான்,
மாலை வெளிச்சம் இல்லாவிட்டால் என் பையன்கள் எப்போது பந்து விளையாடுவது என்று.
இரட்டைக் குழந்தைக்காரன் தைமோ
பதில் சொல்லாமல் மூன்றாவது காப்பியை ஊற்றிக்கொள்வான்.

அக்டோபர். அந்த ஞாயிறு.
ஐந்தே காலுக்குக் கைபேசி அலறியது.
"நாலு மணிக்கே எழுந்து உக்காந்திருக்கா.
நாலு, ரைவோ! நேத்து இதே நேரம் அஞ்சு.
நான் மருந்துக்கடை மூடி வந்து படுத்ததே பன்னிரண்டுக்கு."
கெர்லியின் குரலில் மணல் இருந்தது.
"மார்ச்சிலேர்ந்து முனகிட்டே இருந்தியே,
அந்த ஒரு மணி நேரம்.
வந்து எடுத்துட்டுப் போ."

போனேன். கும்மிருட்டு.
இரவுச் சட்டைக்கு மேலே மேல்கோட்டு,
கையில் பாதி கடித்த கறுப்பு ரொட்டி.
பெட்ரோல் நிலையம் தவிர எதுவும் திறந்திருக்கவில்லை.
அங்கே நின்றபடி சூடாகக் கோகோ குடித்தோம்.
"இப்ப மணி என்னப்பா?"
சொன்னேன்.
"நிஜமாவா?"
அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்பிடம் போனாள்.
ஆறு பத்து.
சுவரில் ஏழு பத்து, நான் இன்னும் தொடாத கடிகாரம்.
"அடுப்பு கரெக்ட்" என்றாள்,
ஏழு மாதம் ஒன்றுமே செய்யாமல் நின்ற அதற்கு
ஒரு தட்டும் கொடுத்தாள்.
அப்புறம் சமையலறை பெஞ்சில்
ஈரக் காலணியோடு சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வந்த மணி நேரம் முழுவதும் தூங்கினாள்,
போன மணி நேரத்தில் தூங்கியது போலவே.

சுவர்க்கடிகாரத்தை இறக்கி
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
முள்ளை இன்னும் திருப்பவில்லை.